டிரீம் தியேட்டர்: ஆள் மாறிய 16 ஆல்பங்களை எப்படித் தரம் பிரிப்பது?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

வணக்கம். அமெரிக்க ப்ரோக்ரெசிவ் மெட்டல் குழுவான டிரீம் தியேட்டரின் 16 ஸ்டூடியோ ஆல்பங்களையும் முதலிலிருந்து முறையாகக் கேட்க நாங்கள் நாலு பேர் முடிவு செய்திருக்கிறோம். இரண்டு பேருக்கு மிருதங்கம் தெரியும், ஒருவர் கிட்டார், ஒருவர் கேட்பவர் மட்டும். இணையத்தில் கிடைக்கிற தரவரிசை எல்லாமே ஒன்று முதல் பதினாறு வரை ஒரே நீளப் பட்டியல். அதில் 1989 ஆல்பமும் 2021 ஆல்பமும் அடுத்தடுத்து நிற்கின்றன. பாடகர் வேறு, கீபோர்டு வேறு, டிரம்ஸ் வேறு என்றால் அந்த ஒப்பீட்டுக்கு என்ன பொருள்?

கேள்விகள் மூன்று. ஆள் மாற்றத்தை வைத்துப் பிரித்தால் எத்தனை பிரிவு? ஒவ்வொரு பிரிவிலும் எது முதல்? தாளம் தெரிந்தவர்கள் எங்கே தொடங்கலாம்?

தவில்சொல் (திருவாரூர்)

தம்பி, பிரித்துப் பார்ப்பதுதான் சரி. நாயனக்காரர் அதே ஆளாக இருந்தாலும் தவில் மாறினால் அன்றைய மேளமே வேறாகிவிடும் என்பது நம் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் குழுவிலும் அதே கதைதான். 16 ஆல்பத்திலும் இருப்பவர்கள் இரண்டே பேர்: கிட்டார் ஜான் பெட்ரூச்சி, பேஸ் ஜான் மையங். மற்ற மூன்று இருக்கைகளும் மாறியிருக்கின்றன. கணக்கு இப்படி வரும்:

சார்லி டொமினிசி பாடியது 1 (1989). ஜேம்ஸ் லப்ரீ பாட, கெவின் மூர் கீபோர்டில் இருந்தது 2 (1992, 1994). டெரிக் ஷெரினியன் கீபோர்டு 1 (1997). 1995இல் வந்த ‘எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்’ என்ற சிறு வெளியீட்டிலும் அவர்தான். கீபோர்டில் ஜோர்டன் ரூடஸும், டிரம்ஸில் முதலிலிருந்தே இருந்த மைக் போர்ட்னாயும் சேர்ந்து வாசித்தது 6 (1999 முதல் 2009 வரை). டிரம்ஸில் மைக் மான்ஜினி 5 (2011 முதல் 2021 வரை). போர்ட்னாய் திரும்பிய பிறகு 1 (2025). ஆறு பிரிவு, மொத்தம் 16.

முதல் பிரிவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ‘வென் டிரீம் அண்ட் டே யுனைட்’ ஆல்பத்தில் பாட்டுக் கட்டுமானம் ஏற்கெனவே முழுசாக இருக்கிறது, ஒலிப்பதிவுதான் மெலிசு. ‘இட்சீ ஜாம்’ என்ற வாத்திய உருப்படியை மட்டும் கட்டாயம் கேளுங்கள். குழுவின் பழைய பெயர் மெஜஸ்டி. அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் வருவதுதான் அந்தத் தலைப்பு.

ஆறு ஆல்பம் உள்ள நடுப் பிரிவுக்கு என் வரிசை: சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி (1999), சிக்ஸ் டிகிரீஸ் (2002), ஆக்டவேரியம் (2005), ட்ரெயின் ஆஃப் தாட் (2003), பிளாக் கிளவுட்ஸ் (2009), சிஸ்டமேடிக் கேயாஸ் (2007).

ஆக்டவேரியத்தை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். எட்டுப் பாட்டு. ஒவ்வொன்றின் அடிச்சுரமும் ஒரு படி ஏறுகிறது. முதல் பாட்டு எஃப், அதாவது நம் 4 கட்டை. பிறகு ஜி, ஏ, பி, சி, டி, ஈ; எட்டாவது மேல் எஃப். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகள் மட்டும். எஃப்பை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு அந்த எட்டு அடிச்சுரங்களை மட்டும் பாடிப் பாருங்கள்: கல்யாணியின் ஆரோகணம், பிரதி மத்யமத்தோடு. ஒவ்வொரு பாட்டும் தனக்குள் மைனர் சாயலில் போவதால் கேட்கும்போது கல்யாணி என்று தோன்றாது. ஆனால் ஆல்பத்தின் முதுகெலும்பு அதுதான். பாட்டுகளுக்கு நடுவே வரும் சின்னச் சின்ன ஒலித்துண்டுகள் கறுப்புக் கட்டைகளுக்கு உரியவை. வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்பு இல்லாத இரண்டு இடங்களில் துண்டும் இல்லை. 24 நிமிடத் தலைப்புப் பாட்டைத் தனியாக எடுத்துக் கேட்பவர்களுக்கு இந்த ஏற்றம் கிடைக்காது.

ஏழுதந்தி (மயிலாடுதுறை)

தவில்சொல் அண்ணன் டிரம்ஸ் இருக்கையை வைத்தே எடை போடுகிறார். எனக்குப் பெரிய முறிவு 1994இல்தான். ‘அவேக்’ வெளிவருவதற்கு முன்பே கெவின் மூர் விலகிவிட்டார். அவரோடு போனது கீபோர்டு மட்டும் இல்லை, ஒரு பாடலாசிரியரும் போனார். ‘புல் மீ அண்டர்’, ‘சரவுண்டட்’, ‘வெயிட் ஃபார் ஸ்லீப்’, ‘லை’, ‘ஸ்பேஸ்-டை வெஸ்ட்’ எல்லாம் அவர் எழுதிய வரிகள். அவர் ஓட்டமாக வாசிப்பதைவிட ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவார். ரூடஸ் கைவேகத்தில் மூரைவிட எங்கோ மேலே இருப்பவர். அதனால் 1999க்குப் பிறகு கிட்டாரும் கீபோர்டும் ஒரே வரியைச் சேர்ந்து ஓட்டுவது அடிக்கடி வருகிறது. அது வேறு ருசி. எனக்கு முந்தையதுதான் கூடுதல் பிடித்தம்.

ஆகவே இரண்டாம் பிரிவில் அவேக் முதல், இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ் அடுத்தது. பெரும்பாலோர் மாற்றிச் சொல்வார்கள். என் காரணம் ஒலி. இமேஜஸில் ஸ்னேர் டிரம்மில் டிரிகர் (அடி விழுந்ததும் வேறு ஒலியைத் தூண்டும் கருவி) வைத்து, முன்பே பதிவு செய்த ஒலியை ஏற்றியிருக்கிறார்கள். மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ‘டப்’. தவிலில் தொப்பிப் பக்கம் எப்போதும் ஒரே பலத்தில் விழுந்தால் எப்படி இருக்கும்? அதே குறைதான். போர்ட்னாய் மெல்லத் தட்டும் உள்ளடிகள் அங்கே காணாமல் போகின்றன. இதற்கு ஒரு பரிகாரம் இருக்கிறது: 2008இல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்’ தொகுப்பில் ‘புல் மீ அண்டர்’, ‘டேக் த டைம்’, ‘அனதர் டே’ மூன்றும் தயாரிப்பாளர் கெவின் ஷெர்லியின் புது மிக்ஸில் இருக்கின்றன. அந்த மூன்றை அங்கே கேட்டுவிட்டு மூல ஆல்பத்துக்கு வாருங்கள். பாட்டும் பதிவும் தனித்தனியாகத் தெரியும். (‘புல் மீ அண்டர்’ முடிவில் சட்டென்று அறுந்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி பதிவிறக்க வேண்டாம், மூலமே அப்படித்தான்.)

கிட்டார் நண்பருக்கு: பெட்ரூச்சி ஏழு தந்திக் கிட்டாரைக் கொண்டுவந்தது அவேக்கில்தான். ‘த மிர்ரர்’, ‘லை’, ‘காட் இன் எ வெப்’ மூன்றும் அதில் வாசித்தவை. ஆறு தந்தியில் கீழ் ஈயை பி வரை தளர்த்தி வாசிக்கப் பார்த்தால் 9 அல்லது 10 பருமன் செட்டுத் தந்தி தொளதொளவென்று ஆடி, அழுத்தும்போதே சுருதி ஏறும். கீழ்த் தந்தி 56க்குக் குறையக் கூடாது. நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் தந்தி தங்கும் பட்டை) வெட்டு ஒடுங்கலாக இருந்தால் அதையும் அகலப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் தந்தி சிக்கிக்கொண்டு சுருதி நிற்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கழுத்து வளைவு மாறும். மழைக்கு முன் சரிசெய்த கிட்டாரைத் தை மாதம் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

1997 ஆல்பம் ‘ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி’ பற்றி ஒரு வார்த்தை. ஷெரினியனைக் குறை சொல்வது நியாயம் இல்லை. போர்ட்னாய் இரட்டை ஆல்பமாகக் கேட்டார். நிறுவனம் வானொலிக்கு ஏற்ற பாட்டு கேட்டது. ‘யூ நாட் மீ’ பாட்டுக்கு வெளியிலிருந்து பாடலாசிரியர் டெஸ்மண்ட் சைல்டைக் கூட்டிவந்து திருத்தினார்கள். இமேஜஸில் வந்த ‘மெட்ரோபொலிஸ்’ பாட்டின் இரண்டாம் பாகத்துக்கான 20 நிமிட முன்வரைவு வெளியே நின்றது. அதுதான் இரண்டு ஆண்டு கழித்து ‘சீன்ஸ்’ ஆக விளைந்தது. இந்த ஆல்பத்தில் ‘ஹெல்ஸ் கிச்சன்’, ‘லைன்ஸ் இன் த சாண்ட்’, ‘ட்ரயல் ஆஃப் டியர்ஸ்’ மூன்றும் எந்தப் பிரிவின் நல்ல பாட்டோடும் நிற்கும். ஷெரினியனின் ஹேமண்ட் ஆர்கன் சாயல் இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அரசலாற்றங்கரை

நன்றி. ‘சீன்ஸ்’ ஆல்பத்தில் ‘த டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ கேட்டோம். ஆதி தாளம் போட்டுப் பார்த்தோம், மிஸ்ர சாபு போட்டுப் பார்த்தோம், எதுவும் நாலு சுற்றுக்கு மேல் நிற்கவில்லை. எங்கே தப்பு?

தவில்சொல்

கையில் தாளம் போட்டதுதான் தப்பு. நம் கச்சேரியில் தாளம் மாறாது. நடை மாறும், கணக்கு குறுக்கே ஓடும், ஆனால் ஆவர்த்தனம் அங்கேயே நிற்கும், கடைசியில் எடுப்புக்கு வந்து சேரும். இந்த உருப்படியில் ஆவர்த்தனமே அறுந்து அறுந்து போகிறது. ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் நூறு தடவைக்கு மேல் அளவு மாறுகிறது. கையை மடியில் வைத்துவிட்டுச் சொல்லால் பிடியுங்கள்.

முதல் வேலை, ஓடுகிற மிகச் சிறிய அட்சரத்தைக் கண்டுபிடிப்பது. ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) அல்லது கிட்டாரின் மிக வேகமான வெட்டு எதுவோ அது. பாட்டைப் பாதி வேகத்துக்குக் குறைத்து 20, 30 நொடித் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வரி எங்கே திரும்பத் தொடங்குகிறது என்று மட்டும் குறியுங்கள். அந்த இடைவெளியை எண்ணினால் அளவு கிடைக்கும். பிறகு சொல் கட்டுவது: 3க்கு தகிட, 4க்கு தகதிமி, 5க்கு தகதகிட, 7க்கு தகிடதகதிமி, 9க்கு தகதிமிதகதகிட. 13 வந்தால் தகதிமி தகதிமி தகதகிட, அல்லது தகதகிட தகதிமி தகதிமி. எது சரி என்பதைப் பேஸ் டிரம் அடி சொல்லும். கிட்டாரை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

பலருக்கும் இங்கே தடுக்குவது இன்னொன்று. சில இடங்களில் அளவு மாறுவதே இல்லை, மாறியது போலத் தோன்றுகிறது. டிரம்ஸ் நாலிலேயே ஓட, கிட்டார் ஏழேழாக அடுக்கும். ஏழு நாலு தடவை, நாலு ஏழு தடவை. 28இல் இரண்டும் சேர்ந்து விழும். அது நமக்குப் பழக்கமான சங்கதி, கோர்வை போலத்தான். இப்படிப்பட்ட இடத்தில் மட்டும் கையில் தாளம் போடலாம். சிம்பலைக் கேட்டு, அது நிலையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதை நேரே எடுக்காமல் ஆக்டவேரியத்தின் ‘பேனிக் அட்டாக்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஆரம்பப் பேஸ் வரி ஐந்தில் ஓடும், தகதகிட சொல்லிக்கொண்டே போகலாம். அடுத்து அவேக்கின் ‘எரோடோமேனியா’. அதற்குப் பிறகு இது.

வெட்டாற்று மணல் (நாகப்பட்டினம்)

மான்ஜினி பிரிவை யாரும் தொடவில்லை. நான் சொல்கிறேன்.

2010 செப்டம்பரில் போர்ட்னாய் விலகினார். ஏழு பேரை வைத்துத் தேர்வு நடத்தி மான்ஜினியை எடுத்தார்கள். அவர் பெர்க்லி இசைக் கல்லூரியில் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தவர், இரண்டு கையும் ஒரே பலம். ‘எ டிராமேடிக் டர்ன் ஆஃப் ஈவென்ட்ஸ்’ (2011) கேட்டுவிட்டு “டிரம்ஸ் கணினி மாதிரி இருக்கிறது” என்று பலர் அவரைத் திட்டுகிறார்கள். அந்த ஆல்பத்தின் டிரம்ஸை முதலில் கணினியில் எழுதியவர் பெட்ரூச்சி. மான்ஜினி அதை எடுத்துத் தன் கைக்கு ஏற்ப வாசித்தார். அவரே உட்கார்ந்து அமைத்த முதல் ஆல்பம் 2013இல் குழுவின் பெயரிலேயே வந்தது. ஆகவே அவரை எடைபோட வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான்.

என் வரிசை: எ வியூ ஃப்ரம் த டாப் ஆஃப் த வேர்ல்ட் (2021), டிஸ்டன்ஸ் ஓவர் டைம் (2019), டிராமேடிக் டர்ன், 2013 ஆல்பம், த அஸ்டோனிஷிங் (2016). முதல் இரண்டும் நெருக்கமானவை. டிஸ்டன்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, எல்லோரும் ஒரே இடத்தில் தங்கி எழுதியது, அந்த இறுக்கம் கேட்கிறது. ஆனால் 2021இல் ‘தி ஏலியன்’ இருக்கிறது. 2022இல் சிறந்த மெட்டல் நிகழ்த்துகைக்கான கிராமி அதற்குத்தான் கிடைத்தது. குழுவின் முதல் கிராமி, மான்ஜினி டிரம்ஸில் இருந்தபோது. ‘அவேக்கன் த மாஸ்டர்’ பாட்டில் எட்டுத் தந்திக் கிட்டாரும் வருகிறது.

அஸ்டோனிஷிங் 34 துண்டு, 130 நிமிடம். மெல்லிய பகுதிகள் நிறைய. கோரஸ், வாத்தியக்குழு எல்லாம் தாழ்ந்த ஒலியில். பேருந்தில் கேட்டால் பாதி இன்ஜின் சத்தத்தில் போய்விடும், பிறகு “சவசவ” என்று பெயர் வரும். இரவில் வீட்டில், இரண்டு அமர்வாகப் பிரித்துக் கேளுங்கள். அதற்குப் பிறகும் எனக்கு அது ஐந்தாவதுதான், ஏனென்றால் மையங்கும் மான்ஜினியும் செய்ய அதில் வேலை குறைவு.

போர்ட்னாய் 2023 அக்டோபரில் திரும்பினார். ‘பாராசோம்னியா’ 2025 பிப்ரவரி. ஒரே ஆல்பம் உள்ள பிரிவுக்கு வரிசை தேவையில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: 1999 முதல் 2009 வரை தயாரிப்பில் பெட்ரூச்சியோடு போர்ட்னாயும் இருந்தார். இப்போது தயாரிப்பு பெட்ரூச்சி மட்டும். பழைய கை, புதிய வீட்டு முறை. அதனால் இதை ‘பிளாக் கிளவுட்ஸ்’ ஆல்பத்தின் அடுத்த படி என்று கேட்காமல் 2021 ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஸ்னேர் அடியில் மட்டும் ஆள் மாற்றம் பளிச்சென்று தெரியும். மான்ஜினியின் அடி அளந்து விழும். போர்ட்னாயின் அடி பாட்டோடு சேர்ந்து சாயும்.

ஏழுதந்தி

‘சிக்ஸ் டிகிரீஸ்’ பற்றி: இரண்டாம் தட்டு முழுக்க 42 நிமிடம் ஒரே உருப்படி, எட்டுப் பகுதி. ஸ்டூடியோ வடிவத்தில் தொடக்கத்து வாத்தியக்குழு ஒலி முழுவதும் ரூடஸின் கீபோர்டில் செய்தது. 2006 ஏப்ரல் 1 அன்று நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நிஜ வாத்தியக்குழுவோடு இதை முழுசாக வாசித்தார்கள். ‘ஸ்கோர்’ என்ற பெயரில் வந்திருக்கிறது. முதலில் ஸ்டூடியோ, பிறகு அது.

தவில்சொல்

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 1999 முதல் 2005 வரை நாலு ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள். ஒன்று முடிகிற ஒலியில்தான் அடுத்தது தொடங்குகிறது. ‘ஃபைனலி ஃப்ரீ’ கடைசியில் வரும் இரைச்சல் ‘த கிளாஸ் ப்ரிசன்’ தொடக்கத்தில் இருக்கும். 42 நிமிட உருப்படியின் கடைசி நாதம் ‘ஆஸ் ஐ ஆம்’ தொடக்கத்தில். ‘இன் த நேம் ஆஃப் காட்’ முடிவில் பியானோவில் நிற்கும் சுரத்தில் ‘த ரூட் ஆஃப் ஆல் ஈவில்’ பிறக்கும். ஆக்டவேரியம் தான் தொடங்கிய சுரத்திலேயே முடிந்து அந்தச் சங்கிலியை மூடிவிடும். போனில் ‘கிராஸ்ஃபேட்’ போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலைமேல் ஏற்றிவிடும், இந்தச் சேர்மானம் ஒன்றுமே கேட்காது. ‘ஷஃபிள்’ அணைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரசலாற்றங்கரை

இரண்டுமே போட்டிருந்தது. அணைத்தாயிற்று. சனிக்கிழமை ‘பேனிக் அட்டாக்’, அடுத்த வாரம் ‘எரோடோமேனியா’. 13க்குச் சொல் கட்டியதும் இங்கே எழுதுகிறேன், திருத்துங்கள் அண்ணே.