புதுப்பிப்பு: நடுக்கோடாகச் சுருங்கிய படம் விரிந்துவிட்டது

முன்பு எழுதியதைப் பார்க்காதவர்களுக்கு: வால்வே இல்லாமல் டிரான்சிஸ்டரில் ஓடும் பழைய கலர் டிவி ஒன்று. ஒலி சுத்தம், திரையில் மட்டும் நடுவே படுக்கையாக ஒரு பளீர்க் கோடு. படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்டிகல் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போயிருக்கும் என்றுதான் பலரும் சொன்னீர்கள்.

கழற்றிச் சோதித்தேன், இரண்டும் நன்றாகவே இருந்தன. அங்கிருந்து டிஃப்லெக்‌ஷன் காயிலுக்கு (எலக்ட்ரான் கற்றையைத் திரையில் நகர்த்தும் சுருள்) தொடராகப் போகும் பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்தான் உலர்ந்து செத்துப்போயிருந்தது. காயிலுக்கு மின்னோட்டம் போகாவிட்டால் கற்றை மேலும் கீழும் அசையாதே! புதியதைப் போட்டதும் படம் விரிந்தது. ஆனால் போர்டை லேசாகத் தட்டினால் மறுபடி கோடு. காயில் கனெக்டரின் பின்களைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளைய விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டு, புதிதாக வைத்த பிறகு எவ்வளவு தட்டினாலும் அசையவில்லை.

சோதிக்கும்போது பிரைட்னஸைக் குறைத்தே வையுங்கள். மொத்த வெளிச்சமும் ஒரே கோட்டில் விழுந்தால் திரையின் உள்பூச்சான பாஸ்பர் கருகும், அதற்கு மருந்து கிடையாது. மெயின்ஸோடு நேரடியாக இணைந்த சேஸிஸ் என்பதால் செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஸ்கோப்பை (அலைக்காட்டி) மாட்டவே மாட்டேன்.

அப்புறம், மூலையில் இருந்த ஊதாத் திட்டு. திரையில் ஏறிய காந்தத்தன்மையை நீக்கும் டீகாஸிங் சுற்றின் தெர்மிஸ்டரை (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) மாற்றியதும் போய்விட்டது. இந்தத் தெர்மிஸ்டர் சூடாக இருக்கும்போது டீகாஸிங் காயிலுக்குப் போதிய மின்னோட்டத்தை விடாது. அதனால் செட்டை நன்றாக ஆறவிட்டுத்தான் பலனைப் பார்க்க வேண்டும்.

ஓரங்களில் சிவப்பும் நீலமும் இன்னும் விலகித்தான் நிற்கின்றன. மூன்று நிறங்களையும் ஒன்றாகப் பொருத்தும் கன்வர்ஜென்ஸில் கை வைக்கும் முன், ஒவ்வொரு நிறமும் கலப்பில்லாமல் விழுகிறதா என்ற ப்யூரிட்டியைச் சரிபார்க்கப் போகிறேன்.