செந்தோசா மாதிரி நம்ம வேலூர் கோட்டையை ஆக்கினால் என்ன?

காட்பாடிக்காரன்:
சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போனபோது குடும்பத்தோடு செந்தோசா தீவைப் பார்த்தோம். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பட்டாளம் பீரங்கி வைத்திருந்த இடமாம், வேறு ஒன்றும் கிடையாதாம். 1972-இல் அதற்கென்றே ஒரு கழகம் அமைத்தார்கள், 1974-இல் கேபிள் கார் விட்டார்கள். இன்றைக்குப் பாட்டிக்கும் பேரனுக்கும் ஆளுக்கொன்று அங்கே இருக்கிறது. நம்ம கோட்டையைச் சுற்றியும் தண்ணீர்தானே? உள்ளே கோயில், மசூதி, சர்ச், மியூசியம் எல்லாம் தயாராக இருக்கு. நாம் ஏன் செய்யக் கூடாது?

சத்துவாச்சாரி வாத்தியார்:
ஒன்றும் கிடையாது என்று எப்படிச் சொல்கிறீர்கள் தம்பி? அந்தத் தீவில் கிராமங்கள் இருந்தன. சனங்களைப் பெரிய தீவுக்குக் குடிமாற்றிவிட்டுத்தான் சுற்றுலா வந்தது. காலி இடத்தில் எதை வேண்டுமானாலும் கட்டலாம், இடிக்கலாம். இடிக்கவும் செய்தார்கள். சிங்கத் தலையும் மீன் உடம்புமாக 37 மீட்டர் உயரத்தில் நின்ற மெர்லயன் சிலையை 2019-இல் மூடி, அப்புறம் தரைமட்டமாக்கிவிட்டார்கள். 1991-இல் திறந்த மீன் காட்சியகம் 2016-இல் மூடியாச்சு. கேளிக்கை என்றால் பழசு போய்ப் புதுசு வந்துகொண்டே இருக்கணும். கோட்டையில் எதை இடிப்பீர்கள்? எங்கள் ஊரில் இருந்த லிங்கம் 1981-இல்தான் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போனது. அதுவரை அங்கே பூஜையே இல்லை. இப்போதுதான் அது கோயிலாக இருக்கிறது, அதற்குள் ரைடு விடச் சொல்கிறீர்கள்.

காட்பாடிக்காரன்:
கோயிலில் யார் சார் ரைடு விடச் சொன்னது? அதே செந்தோசாவில் சிலோசோ கோட்டையை இடிக்கவில்லையே. 1942-இல் பிரிட்டிஷ்காரன் ஜப்பான்காரனிடம் சரணடைந்ததை மெழுகு உருவங்களாக வைத்திருக்கிறார்கள். 2022-இல் அதை தேசிய நினைவுச்சின்னமாகவே அறிவித்துவிட்டார்கள். நம்மிடம் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி இருக்கு. திப்புவின் பிள்ளைகளை வைத்திருந்த மகால் இருக்கு. கண்டியின் கடைசி ராஜா சிறைப்பட்டு, 1832-இல் இறந்ததும் இங்கேதான். பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருப்பது எத்தனை வேலூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்? கதையைச் சொல்ல ஆள் வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆம்பூர் பாய்:
காட்பாடி அண்ணா, கணக்கை முழுசா சொல்லுங்க. 2010-இல் செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டுடியோ வந்த அதே வருஷம் சூதாட்ட விடுதியும் வந்தது. சொந்த ஊர்க்காரன் அதில் விழுந்துவிடக் கூடாதென்று அவனுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி நுழைவுக் கட்டணம், 2019-இல் 150 ஆக்கினார்கள். குடும்பச் சுற்றுலா என்கிறீர்களே, பக்கத்திலேயே அதுவும் இருக்கு.

காந்தி ரோடு லாட்ஜ்:
சிங்கப்பூரை விடுங்க. எங்க லாட்ஜில் பாதி ரூம் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்த பெங்கால், வடகிழக்குக் குடும்பங்கள். ரிப்போர்ட் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். ஒரு நாள் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போவார்கள். மற்ற நாள் சாயங்காலம் எல்லாம் கோட்டைப் புல்தரைதான். அவர்களுக்கு மெழுகு பொம்மை எதுக்கு? நிழலும் குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் வேணும். மே மாசம் அந்த மைதானத்தில் மூணு மணிக்கு நின்று பாருங்க, தோசைக்கல்தான். சுற்றுலா கேட்கிறவங்க யாரும் இதைக் கேட்பதில்லை.

சத்துவாச்சாரி வாத்தியார்:
லாட்ஜ் தம்பி சொல்வதுதான் சரி. ஆனால் அதுகூட சுலபமில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். 2010-இல் திருத்திய சட்டம் இது. செந்தோசாவில் எல்லாவற்றுக்கும் ஒரே கழகம் பொறுப்பு. இங்கே கோட்டை மத்திய தொல்லியல் துறையிடம், வெளியே ரோடு மாநகராட்சியிடம்.

காட்பாடிக்காரன்:
சரி சார், கட்டடமே வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் கூத்து வைக்கலாமே? வட ஆற்காட்டுப் பாரதக் கூத்தைவிட நமக்கு என்ன பெருமை இருக்கு? குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

சத்துவாச்சாரி வாத்தியார்:
விடிய விடிய ஆடுகிற கூத்தை கேட் மூடுவதற்குள் முடிப்பதா? அரை மணி நேரத்தில் திரௌபதி சபதம் போட்டு முடித்தால் அது டூரிஸ்ட் கூத்து.

ஆம்பூர் பாய்:
ஆடுறவங்க கிட்டயே கேளுங்க சார். ஆடி மாசம் முடிஞ்சா அவங்க என்ன வேலைக்குப் போறாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க. வாரா வாரம் சம்பளம் வரும்னா அரை மணி நேரத்துக்கும் ஒத்துக்குவாங்க.

சத்துவாச்சாரி வாத்தியார்:
ஒத்துக்குவார்கள் பாய். அதுதான் எனக்குக் கவலை.