ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது, போகலாமா?

பல்லடத்துக்காரி:
எல்லாருக்கும் வணக்கங்க. எம்.டெக் சுற்றுச்சூழல் பொறியியல் முடித்திருக்கிறேன், கேட் தேர்வு மதிப்பெண் இருக்கிறது. ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சாயக்கழிவு நீரிலிருந்து உப்பைப் பிரிக்கிற ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஜேஆர்எஃப் எடுக்கிறார்கள், அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. மாதம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் அறிவிப்பில் 'முற்றிலும் தற்காலிகம்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா, "தறி ஓட்டிப் படிக்க வெச்சது இதுக்கா கண்ணு" என்கிறார். திருப்பூரில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் 22,000-க்கு நிரந்தர வேலை இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். எனக்கு பிஎச்டி பண்ண ஆசை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

பெருந்துறை அண்ணன்:
அம்மணி, திட்ட வேலை எல்லாவற்றுக்கும் 'தற்காலிகம்' என்றுதான் போடுவார்கள், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. திட்டம் எப்போது முடிகிறது என்று பாருங்க. நான் சேர்ந்த இடத்தில் மூன்று வருடத் திட்டத்தில் பதினான்கு மாதம் ஏற்கெனவே ஓடியிருந்தது, எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிஎச்டிக்குக் குறைந்தது 3 வருடம் வேண்டும், அது முடியும் முன்னே பணம் நின்றுவிட்டது. கடைசி ஒன்றரை வருடம் டியூஷன் எடுத்துக்கொண்டுதான் ஆய்வேடு எழுதினேன், ராத்திரி பதினொரு மணிக்குப் பையன்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் கண் சொருகும். நடுவிலும், போன வருடக் கணக்கைக் காட்டி அடுத்த தவணை வரும்வரை இரண்டு மூன்று மாதம் சம்பளம் வராமல் இருந்தது. அதனால் திட்டம் அனுமதியான தேதி என்ன, பிஎச்டி பதிவு உண்டா, திட்டம் முடிந்தபின் பல்கலைக்கழகமே உதவித்தொகை தருமா, இந்த மூன்றையும் கேட்டுவிட்டே சரி என்று சொல்லுங்க. அந்தக் கைடிடம் இப்போது படிக்கிற ஒருவரிடமாவது போனில் பேசுங்க.

சாயப்பட்டறைக்காரன்:
நான் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். 2011-இல் உயர் நீதிமன்றம் கழிவுநீர்ப் பிரச்சினையால் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன மாதங்களில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. இன்றைக்கு ஆர்ஓ, ஆவியாக்கி எல்லாம் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடக்கூடாது என்று ஓட்டுகிறோம், ஆனால் கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பை என்ன செய்வது? சோடியம் சல்பேட்டும் சாதா உப்பும் சாயமும் ஒன்றாகக் கலந்து பழுப்பாக, மூட்டைக்குள் ஈரமாக இறுகிக் கிடக்கும், கையில் எடுத்தால் விரலில் கறை ஒட்டும். மழைக்காலத்தில் அதைப் பாதுகாப்பதே பெரும்பாடு. அந்த உப்பைத் திரும்பச் சாயமேற்றும் அளவுக்குச் சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தால் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி தெரியுமா. தாராளமாகப் போங்க. நேர்முகத்துக்கு முன்னால் ஒருநாள் வாங்க, நிலையத்தைச் சுற்றிக் காட்டுகிறேன். புத்தகத்தில் படித்ததைவிடக் கூடப் பேசலாம்.

கோபிக்காரர்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஜேஆர்எஃப் ஆன பிறகும் யூஜிசி நெட் தகுதித் தேர்வு எழுதுங்க, சுற்றுச்சூழல் அறிவியல் பாடம் இருக்கிறது. திட்டப் பணம் திட்டத்தோடு போய்விடும், நெட்டில் வாங்குகிற ஜேஆர்எஃப் உதவித்தொகை உங்களோடு வரும்.

பல்லடத்துக்காரி:
ரொம்ப நன்றிங்க அண்ணா, எல்லாருக்கும். கைடிடமே போனில் கேட்டுவிட்டேன், திட்டம் தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறதாம், பிஎச்டி பதிவும் உண்டாம். நாளைக்கு நிலையத்துக்கு வருகிறேன். அப்பா "சர்ட்டிபிகேட் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்தாச்சா" என்று மட்டும் கேட்டார்.