பிக்கப்பில் கேம்பர் பெட்டி ஏற்றிப் போனவர்கள் அனுபவம் சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

பாலக்காடு எல்லையோர மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வேலந்தாவளம் பக்கம் பிக்கப் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கீங்க. தேங்காய், மாங்காய், மாட்டுத்தீவனம் ஏற்றுவது நமக்குப் புதுசு இல்லை. படுக்கை, அடுப்போடு ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து ஓட்டுவது வேறு வேலை. முதலில் என் கதை.

என்னுடையது டபுள் கேபின், அதாவது இரண்டு வரிசை சீட். லோடு பாடி நீளம் ஐந்தடிதான், பெட்டியோ ஆறடி. பின் டோரைத் திறந்து போட்டால் ஓரடி அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டறைக்காரர் பைப் போட லேசு என்று தண்ணீர்த் தொட்டியைக் கதவுப் பக்கமே வைத்துக் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி வீட்டுக்கு ஓட்டி வரும்போது எதிரே வந்தவர்கள் எல்லாரும் டிம் பண்ணச் சொல்லி லைட் அடித்தார்கள். நான் டிம்மில்தான் வந்தேன். பின்பக்கம் அமுங்கி, வண்டியின் மூக்கு தூக்கியிருந்தது. ஸ்டியரிங்கும் பிடிப்பே இல்லாமல் லேசாகத் திரும்பியது.

மறுநாள் தேங்காய் லாரி எடை போடும் மேடைக்குப் போனேன். அங்கே மொத்த எடையை மட்டும் போட்டுச் சீட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு தடவை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு தடவை போடுங்கள். பெட்டி இல்லாமலும் இதே மாதிரி போட்டு வையுங்கள். பெட்டி ஏறிய பிறகு முன் சக்கர எடை குறைந்திருந்தால், பாரம் பின் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் குறைந்துதான் இருந்தது. தொட்டியைக் கேபின் பக்கம், தரையோடு தரையாக மாற்றினேன். பேட்டரியையும் அங்கேயே கொண்டு போனேன். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. அது எங்கே உட்காருகிறது என்பதில்தான் பாதி விஷயம். பாதித் தொட்டி தண்ணீர் வளைவில் அலம்பும் என்பதால் ஒன்று நிரப்புகிறேன், இல்லாவிட்டால் காலி செய்கிறேன். ஆள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள மொத்த எடைக்குள் வரவேண்டும். அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வரும். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும்போது பெரும்பாலும் முதுகில் தள்ளும், தெரியாது. பொள்ளாச்சியிலிருந்து கிணத்துக்கடவு வழியாகக் கோவைக்குத் திரும்பினால் அதே காற்று விலாவில் அடிக்கும். அங்கே ஒரு லாரியை ஓவர்டேக் செய்தேன். லாரி மறைவில் இருக்கிற வரைக்கும் அமைதி, தாண்டியதும் பெட்டியை யாரோ தோளால் இடித்த மாதிரி வண்டி ஒரு சாண் வலது பக்கம் நகர்ந்தது. இப்போது அந்த ரோட்டில் அறுபதைத் தாண்டுவதில்லை, ஓவர்டேக்கும் இல்லை.

செங்கோட்டை பிக்கப்:

தம்பி, நான் ஆரியங்காவு வழியா வாழைத்தார் ஏத்திப் புனலூர் போறவன். பதிமூணு கண் ரயில் பாலம் பக்கத்து வளைவு எல்லாம் தூக்கத்திலும் தெரியும். பெட்டியைக் கட்ட நல்ல நைலான் கயிறு, நல்ல முடிச்சு, இது போதாதா? கடையில விக்கிற இந்த பெல்ட்டு, கொக்கி எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வாழைத்தாருக்குப் போதும் அண்ணாச்சி. தார் அமுங்கும், ஒன்றோடு ஒன்று சிக்கி நிற்கும். பெட்டி அமுங்காது. உள்ளே காலி இடம், வெளியே அகலமான தகடு, மொத்தக் காற்றையும் அதுவே வாங்கும். நைலான் மழையில் நனைந்தால் இழுபடும். உங்கள் ஊர்ச் சாரலுக்குச் சொல்ல வேண்டுமா?

போடிமெட்டு வழி:

கொழிஞ்சாம்பாறை அண்ணே சொல்வது சரி. நான் பெட்டியோடு போடிமெட்டு ஏறி மூணாறு போய் வருகிறவன். ஏறும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான் சோதனை. ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்டி கேபினை நோக்கி நகரப் பார்க்கும். அதனால் நாலு மூலையிலும் கட்டு வேண்டும். முன் மூலைக் கட்டு முன்னோக்கிக் கீழே இழுக்க வேண்டும், பின் மூலைக் கட்டு பின்னோக்கிக் கீழே. கொக்கியை லோடு பாடியின் தகட்டு விளிம்பில் மாட்டாதீர்கள், தகடு கிழியும். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் போட்ட பிராக்கெட்டில் மாட்டுங்கள். பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் மேட், பக்கத்து இடைவெளியில் மரக்கட்டை. பெல்ட் விளிம்பில் உரசுகிற இடத்தில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள்.

இன்னொன்று. நட்டை முறுக்கியதும் நட்டிலிருந்து பிராக்கெட் வரைக்கும் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போடுவேன். டீ குடிக்க நிற்கும்போது எட்டிப் பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. புறப்பட்ட முதல் இருபது, முப்பது கிலோமீட்டரில்தான் அதிகம் தளரும், பூப்பாறை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றாமல் வண்டியை எடுப்பதே இல்லை. இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குவேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் கருகல் வாசம் வரும்.

வேலந்தாவளம் வாசி:

சட்டம் பற்றி யாரும் பேசவில்லையே. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதியாகச் சொன்னது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். அதனால் பெட்டியைச் சேஸிஸோடு வெல்டிங் அடிக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள். சரக்கு அளவுக்கு மீறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். ஓவர் லோடுக்கும் 20,000, அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. கொழிஞ்சாம்பாறை அண்ணா, அந்த ஓரடியைக் கவனியுங்க.

குழந்தைகள் உள்ளே படுத்துக்கொண்டு வரட்டும் என்று ஒரு உறவினர் கேட்டார். ஓடும் வண்டியில் பெட்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

கவனித்தாச்சுங்க. பின் சுவரை உள்ளே தள்ளப் பட்டறையில் விட்டிருக்கிறேன். வந்ததும் மறுபடி எடை மேடைதான். அதுவரைக்கும் ஒரு கேள்வி: பெட்டியை இறக்கி நாலு காலில் நிறுத்தி வைக்கிறவர்கள் காற்றுக்கு எப்படிக் கட்டுகிறீர்கள்? எங்கள் தோப்பில் கால் மண்ணில் புதைகிறது. அடியில் பலகை போட்டும் ஒரு பக்கம் சாய்கிறது.