சனானா குஸ்மாவோ: காட்டிலிருந்து வந்தவர் நாட்டை ஆளக் கற்றது எங்கே?

கேள்வி:
கிழக்கு திமோரின் சனானா குஸ்மாவோ பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கெரில்லாத் தலைவர், 2002இல் அதிபர், 2007இல் பிரதமர், 2023இல் மறுபடியும் பிரதமர். துப்பாக்கியோடு வந்த பலர் பதவியில் சர்வாதிகாரி ஆகிவிட்டார்கள். இவரைச் சிறைதான் பக்குவப்படுத்தியதா?

பதில் 1:
சிறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1997இல் மண்டேலா ஜகார்த்தா வந்து அவரைச் சந்தித்ததிலிருந்து அந்த ஒப்பீடு ஒட்டிக்கொண்டது. நான் 1987ஐத்தான் சொல்வேன்.

1975இல் இந்தோனேசியா கிழக்கு திமோரைப் பிடித்துக்கொண்டது. அதை எதிர்த்த இயக்கத்தின் தலைவர் நிக்கோலாவ் லோபாட்டோ 1978 கடைசியில் கொல்லப்பட்டார், இயக்கம் சிதறியது. மலை மலையாக நடந்து, மிஞ்சியவர்களைத் தேடிச் சேர்த்தவர் சனானா. ஆனால் கெரில்லாப் படையான பலிந்தில், சனானாவின் இடதுசாரிக் கட்சியான பிரெட்டிலினின் படை என்று இருக்கும்வரை, 1975 உள்நாட்டுச் சண்டையில் எதிரே நின்ற யுடிடி கட்சிக்காரர்கள் எப்படி வருவார்கள்? மார்க்சியம் என்றால் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் தயக்கம். 1987இல் சொந்தக் கட்சியை விட்டே விலகி, பலிந்தில் படை நாட்டுக்குப் பொது என்று அறிவித்தார். கட்சித் தோழர்கள் சிலர் கொதித்தார்கள். இருக்கட்டும், அதனால்தான் பின்னால் பாதிரியார்களும் மாணவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள்.

1992இல் தலைநகர் திலியில் பிடிபட்டார். ஜகார்த்தாவின் சிப்பினாங் சிறைக்குள் கள்ளத்தனமாக வந்த செல்போனில் இயக்கத்தை நடத்தினார், நடுவில் ஓவியமும் வரைந்தார். 1999 ஆகஸ்டு 30 வாக்கெடுப்பில் 78.5% பேர் விடுதலை கேட்டார்கள். ஆத்திரத்தில் இந்தோனேசிய ஆதரவு ஆயுதக் கும்பல்கள் ஊர்களைக் கொளுத்தியபோதும், முகாம்களை விட்டு வெளியே வராதே என்று பலிந்திலுக்குச் சனானா உத்தரவு போட்டார். கண்ணெதிரே ஊர் எரிய, கையில் துப்பாக்கியோடு சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமா?

பதில் 2:
ரொம்பப் புகழாதீர்கள். 2006இல் படையிலிருந்து ஏறக்குறைய 600 பேர் நீக்கப்பட்டபோது, அதிபராக இருந்த இவருடைய பேச்சே நாட்டின் கிழக்குப் பகுதியார், மேற்குப் பகுதியார் என்ற பிளவில் எண்ணெய் வார்த்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் வீடிழந்து முகாம்களில் கிடந்தார்கள். 2004இல் பாலியில், 1999 வன்முறையின்போது இந்தோனேசியப் படைத் தலைவராக இருந்த ஜெனரல் விராந்தோவைக் கட்டிப்பிடித்தாரே, பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் கேட்டுவிட்டா செய்தார்?

பதில் 1:
2006க்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். இந்தோனேசியாவோடு கைகுலுக்கியது வேறு கணக்கு. தீவின் மறுபாதியே அவர்களுடையது, பல சரக்குகளுக்கும் அங்கேதான் போக வேண்டும். அப்புறம் 2015ஐயும் பாருங்கள். தானாகவே பிரதமர் பதவியை விட்டிறங்கி, எதிரணியிலிருந்த ருயி அராவுஜோவிடம் கொடுத்தார். அவர் எந்தக் கட்சி தெரியுமா? பிரெட்டிலின்.