குறி கேட்பதில் பயன் உண்டா? உருப்படியாகக் கேட்பது எப்படி?

கேள்விக்குறி:
வேலையை விடுவதா வேண்டாமா என்று ஆறு மாதமாக முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் நான், டாரட் என்ற படச் சீட்டுக்கட்டை வைத்துக் குறி சொல்லும் ஒருவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். எனக்கு இதில் முழு நம்பிக்கையும் இல்லை, முழு மறுப்பும் இல்லை. கொடுக்கும் பணத்துக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்க வேண்டுமானால் எப்படிக் கேட்க வேண்டும்?

ஐயப்பாடு:
போகாமலிருப்பதே உருப்படியான வழி. 1948ஆம் ஆண்டில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்து, பின்னர் அவரவருக்கு உரிய முடிவு என்று சொல்லி ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. ஆனால் எல்லார் கையிலும் இருந்தது ஒரே வாசகம். அதுவும் கடையில் விற்கும் சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து திரட்டியது. வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர் நீங்கள் என்று சொன்னால், இல்லை என்று மறுப்பவர் யார்?

எழுபத்தெட்டு:
பல ஆண்டுகளாகச் சீட்டுப் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஃபோரரின் சோதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாணவர்கள் எதையும் கேட்டு வந்தவர்கள் அல்லர். என் முன்னால் உட்காருபவர் ஒரு கேள்வியோடு வருகிறார். 'வேலையை விட்டால் நல்லது நடக்குமா' என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. 'விட நினைத்தும் விடாமல் என்னைப் பிடித்து வைத்திருப்பது எது' என்று கேட்டால் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் வெளியான சீட்டுக்கட்டில் 'எட்டுக் கோப்பைகள்' என்றொரு சீட்டு உண்டு. அடுக்கி வைத்த கோப்பைகளுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் கோலூன்றி நடக்கிறார், மேலே நிலா. அவர் ஓடிப்போகிறார் என்பார் ஒருவர், ஒருவழியாகக் கிளம்பிவிட்டார் என்பார் இன்னொருவர். அவர்கள் வாயிலிருந்து அது வரும்வரை நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஐயப்பாடு:
அப்படியானால் அதற்குப் பெயர் குறி அல்ல, உரையாடல். பொறுமையாகக் கேட்கிற நண்பர் ஒருவர் போதும். ரே ஹைமன் என்ற உளவியலாளர் இளம் வயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். ரேகையில் அவருக்கு நம்பிக்கையும் இருந்தது. ஒருமுறை வேறொருவர் சொன்ன யோசனைப்படி, ரேகை காட்டுவதாக நூல்கள் சொல்வதற்கு நேரெதிராகச் சொல்லிப் பார்த்தார். அப்போதும் வந்தவர்கள் அப்படியே பலிக்கிறது என்று வியந்தார்கள்.

பழைய ஒலிப்பதிவு:
என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்த பிறகு, இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவரிடம் போனேன். அனுமதி பெற்றே பேச்சைப் பதிவு செய்தேன். அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பற்றி அவர் சொன்னது கேட்டு உறைந்துபோய், பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். சில மாதம் கழித்துப் பதிவைப் போட்டுக் கேட்டால், அவர் சொன்னது 'கையோடு வைத்திருந்த ஒரு பொருள், உலோகம் போல' என்பது மட்டுமே. 'கடிகாரமா?' என்று கேட்ட குரல் என்னுடையது. அவர் உடனே 'அதேதான், நின்றுபோயிருக்கிறது' என்கிறார். ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறேன். 'அதை நீங்கள் ஓட வைத்திருப்பதில்தான் அவருக்கு மகிழ்ச்சி' என்று சற்றும் தயங்காமல் முடிக்கிறார். போட்டு வாங்குவது என்று நாம் சொல்வோமே, அதுதான். தவறாகச் சொன்ன இடத்தை நான் அடியோடு மறந்திருந்தேன். கடைசியில் ஏதோ தடை இருக்கிறது, அதை நீக்கத் தனியாகப் பணம் ஆகும் என்றார்; நல்லவேளை, அங்கேயே எழுந்துவிட்டேன். கேள்வியை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பதிவு செய்யுங்கள், அவர் கேட்கும் எதற்கும் வாய் திறக்காதீர்கள்.

எழுபத்தெட்டு:
பதிவு செய்வதை முழுமனதோடு ஏற்கிறேன். அதற்குச் சம்மதிக்காதவரிடம் போகவே வேண்டாம். கட்டணத்தையும் நேரத்தையும் முதலிலேயே சொல்லாதவர், சாபம், தோஷம் என்று பயமுறுத்துபவர், நோய்க்கும் சாவுக்கும் நாள் குறிப்பவர் ஆகியோருக்கும் இது பொருந்தும். ஆனால் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் நீங்கள் அவரைச் சோதிக்கிறீர்கள், உங்கள் குழப்பம் அப்படியே இருக்கும்.

ஐயப்பாடு:
சோதித்தால் என்ன? 1985இல் ஷான் கார்ல்சன் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனையில், ஒரு ஜாதகத்தையும் மூன்று ஆளுமைக் குறிப்புகளையும் கொடுத்து, அந்த ஜாதகருக்கு உரிய குறிப்பு எது என்று சோதிடர்களையே கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவ்வளவு வரும். எதிர்காலத்தைச் சொல்வதில்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்வதால் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பலகையில் 'குறி' என்று எழுதியிருப்பதை மட்டும் அழித்துவிடுங்கள்.

எழுபத்தெட்டு:
அழித்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சீட்டு என்ற சாக்கு இல்லாமல் சிலருக்குத் தங்களைப் பற்றிப் பேச வருவதில்லை.

ஐயப்பாடு:
அந்தச் சாக்குக்குத்தான் கட்டணம் என்றால், அதையும் பலகையில் எழுதுங்கள்.

கேள்விக்குறி:
நீங்கள் சொன்ன சீட்டின் படத்தைத் தேடிப் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு கோப்பைக்கான இடம் காலியாக இருப்பதுதான் முதலில் கண்ணில் பட்டது; நடந்து போகிறவரை அதற்குப் பிறகே கவனித்தேன். அது ஏன் என்று இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வாங்கிய நேரத்தை ரத்து செய்யவில்லை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.