மேக்கில் மட்டும் நூலகப் பதிவுகள் அழிகின்றன. இந்த நிலையில் வெளியிடலாமா?

செந்தூல்காரி:

வணக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்காக ஒரு பட்டியல் மென்பொருள் எழுதி வருகிறேன். நிரல்மொழி பைத்தான், தரவுத்தளம் எஸ்கியூலைட், யாரும் பயன்படுத்தி மாற்றக்கூடிய ஜிபிஎல் 3 கட்டற்ற உரிமம். புத்தக அட்டையைப் படமெடுத்து, நூலின் பெயரையே கோப்புப் பெயராக வைத்து ஒரு கோப்புறையில் போட்டால் பட்டியல் தானாக உருவாகும். எந்த மாணவர் எதை இரவல் வாங்கினார் என்பதும் அதிலேயே பதிவாகும். விண்டோசிலும் உபுண்டு லினக்சிலும் ஒழுங்காக ஓடுகிறது. தலைவலி மேக்கில்.

மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸில் வடிவமைத்த வட்டில் 'தோட்டம்' என்று ஒரு படத்தைச் சேமித்தால், 'தோ'வை அது த, இரட்டைக்கொம்பு, கால் என்று பிரித்து எழுதிக்கொள்கிறது. ஒ, ஓ, ஔ ஏறிய உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இதேதான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் என் நிரல் இரண்டையும் வேறு வேறு பெயர் என்கிறது.

தேடினால் கிடைக்கவில்லை என்பதோடு நின்றிருந்தால் இங்கே கேட்டிருக்க மாட்டேன். மென்பொருளில் 'சீர்செய்' என்று ஒரு பொத்தான் உண்டு. படம் இல்லாத பதிவுகளை அது நீக்கிவிடும். விண்டோசில் உருவாக்கிய பட்டியலை மேக்கில் திறந்து அதை அழுத்தினால் 'தோட்டம்', 'கொடி', 'சோழர்' என்றெல்லாம் பெயருள்ள நூல்களின் பதிவுகள், இரவல் விவரத்தோடு சேர்ந்து, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் போய்விடுகின்றன.

பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தானிலேயே வழி இருக்கிறது, அது தெரியும். ஆனால் பட்டியலில் ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் சாவி நூற்பெயர்தான். இரண்டு வடிவிலும் ஏற்கெனவே நுழைந்துவிட்ட பதிவுகளை இரவல் விவரம் கெடாமல் இணைக்க வேண்டும். அதைச் சோதிக்க இரவல் மேக் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் எப்போதாவது.

பள்ளி திறப்பதற்குள் வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப். எஸ்டேட் மூடப்பட்டு, அங்கிருந்த பள்ளி நகரத்துக்கு மாறி வந்தபோது பெட்டி பெட்டியாக வந்த பழைய நூல்களும் அந்த அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் எது எங்கே இருக்கிறது என்று யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. இதை இன்னும் தள்ளிப்போடவும் மனமில்லை, தெரிந்தே ஒரு ஓட்டையோடு கொடுக்கவும் மனமில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் லினக்ஸ்:

வெளியிடுங்கள். ஜிபிஎல் 3இன் 15ஆம் பிரிவே உத்தரவாதம் கிடையாது என்று சொல்லிவிடுகிறது. பதிப்பு எண்ணை 0.9 என்று போடுங்கள், மென்பொருளோடு வரும் ரீட்மீ குறிப்பில் இந்த மேக் வழுவை (பிழையை) எழுதுங்கள். குறையே இல்லாத மென்பொருளுக்காகக் காத்திருந்தால் எதுவுமே வெளிவராது.

செந்தூல்காரி:

நன்றி சார். அந்தப் பிரிவு சட்டப்படி என்னைக் காப்பாற்றும். காணாமல் போன இரவல் பதிவுகளோடு நிற்கும் ஆசிரியருக்கு அது என்ன செய்யும்? ரீட்மீயை நம்மைப் போன்றவர்கள்தான் படிக்கிறோம்.

பாயான் லெப்பாஸ்:

தங்கச்சி, பினாங்கில் தொழிற்சாலைச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தக் கணினியில் வழு வருகிறது என்பதற்கு முன்னால், அது என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள்.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் ஒரு பொதியின் (மென்பொருளின்) வழு தரவை இழக்கச் செய்தால் அதற்கு 'கிரேவ்' அல்லது அதற்கும் மேலே 'கிரிட்டிக்கல்' என்று தரம் போடுவார்கள். இரண்டுமே வெளியீட்டைத் தடுக்கும் வகை. அதே டெபியன், கூடவர முடியாத தளத்தை (கணினி வகையை) விட்டுவிட்டும் போயிருக்கிறது. 2007இல் வந்த எட்ச் பதிப்பில் எம்68கே என்ற பழைய செயலி வகைக்கு இடம் இல்லை. எந்தத் தளத்துக்கு எவ்வளவு ஆதரவு என்று அடுக்கடுக்காகப் பிரிக்கும் பைத்தான் குழுவின் பெப் 11 ஆவணத்தைப் பாருங்கள்: முதல் இரண்டு அடுக்குத் தளங்களில் சோதனை தோற்றால் வெளியீடு நிற்கும், மூன்றாம் அடுக்கில் தோற்றால் நிற்காது. ஆக, ஒரு தளத்தை ஆதரிக்கவில்லை என்று சொல்வது வெட்கப்பட வேண்டிய காரியமில்லை. ஆதரிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பதிவை அழிப்பதுதான் கூடாது.

இன்னொன்று. இதை மேக் வழு என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த வட்டிலிருந்து ஒருவர் அட்டைப் படங்களை ஜிப் செய்து வாட்ஸாப்பில் அனுப்பினால், பிரிந்த பெயர்கள் அப்படியே விண்டோசுக்கு வந்து சேரும். விண்டோஸ் அவற்றைத் திரும்பச் சேர்க்காது. 2017 முதல் மேக்கில் வரும் புதிய கோப்பு முறையான ஏபிஎஃப்எஸ் வட்டு கொடுத்த வடிவத்தையே வைத்துக்கொள்ளும், ஆனால் பழைய வட்டிலிருந்து போன பெயர் அங்கேயும் பிரிந்தேதான் இருக்கும். நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் இதற்கென்றே மேக்குக்கு ஒரு தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேரைப் படுத்தியிருக்கும் என்று பாருங்கள். அதனால் 'மேக்கில் ஓட்டாதீர்கள்' என்று எழுதினால் மட்டும் போதாது.

நான் செய்வது: 'சீர்செய்' பொத்தானை எல்லாத் தளத்திலும் எடுத்துவிடுவேன். படம் கிடைக்காத பதிவுக்கு 'படம் காணவில்லை' என்று ஒரு குறி மட்டும் போதும். பள்ளி நூலகத்தில் எதையும் தானாக அழிக்க வேண்டிய அவசரம் என்ன? அழிக்கும் வேலை போய்விட்டால் மிச்சம் இருப்பது தேடல் குறைதான், அதோடு வெளியிடலாம். மேக்கில் திறந்தால் பட்டியலைப் படிக்க மட்டும் விடுங்கள், எழுத விடாதீர்கள். அதை நிரலே செய்யட்டும்.

லினக்சிலும் ஒன்று பார்த்துவிடுங்கள். லினக்சின் வழக்கமான கோப்பு முறையான இஎக்ஸ்டி4இல் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. எழுத்துகளை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும். 'கோலாலம்பூர்' மட்டுமே 33 பைட். மொத்தம் 85 குறியீடுதான் அடங்கும், படத்தின் பின்னொட்டைக் கழித்தால் 83. விண்டோசில் சேமித்த நீளமான நூற்பெயர் உபுண்டுவில் ஏறாமல் போகலாம். விழா மலர்களின் பெயர்களை வைத்துச் சோதியுங்கள், அவைதான் நீளம்.

பட்டர்வொர்த் டீச்சர்:

நான் கணினி ஆள் இல்லை, நூலகப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவள். பயன்படுத்துகிறவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கொடுங்கள் அம்மா. ஆனால் 'மேக்கில் இன்னும் வேண்டாம்' என்பதைப் பதிவிறக்கப் பொத்தானுக்கு மேலேயே பெரிதாகப் போடுங்கள். முதல் தவணை முழுக்க இரவல் நோட்டையும் பழையபடி எழுதிவரச் சொல்லுங்கள். கணினியும் நோட்டும் ஒத்துப்போகிறதா என்று வெள்ளிக்கிழமைதோறும் பார்க்க ஒரு நூலக மாணவர் போதும், பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். நாங்கள் பயப்படுவது வழுவுக்கு இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காதோ என்றுதான் பயம்.

செந்தூல்காரி:

டீச்சர், பதில் சொல்ல நான் இருக்கிறேன். என் தொலைபேசி எண்ணை அந்தப் பள்ளிகளுக்கு நேரிலேயே கொடுத்துவிடுகிறேன்.

அண்ணே, ஜிப் வழியாக இது விண்டோசுக்கும் வரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அது முடிவை மாற்றிவிட்டது. 'சீர்செய்' போகிறது. 0.9 விண்டோசுக்கும் லினக்சுக்கும் மட்டும், மேக்கில் படிக்க மட்டும். புதிதாக வரும் பெயர்களை உள்ளே வாங்கும்போதே சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுகிறேன். பழைய பதிவுகளை இணைப்பது 1.0க்கு.

கேஎல் பக்கம் யாரிடமாவது எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் வடிவமைத்த பழைய வெளி வட்டும் மேக்கும் இருக்கிறதா? அரை நாள் போதும், நானே வருகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் லினக்ஸ்:

என் அக்காவிடம் இரண்டும் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் வாருங்கள். ஜிப் கோப்பையும் அங்கேயே உருவாக்கி என் விண்டோஸ் லேப்டாப்பில் திறந்து பார்த்துவிடலாம்.